கார் தன் குற்றத்தைச் சொல்லக் கற்ற கதை

(மோட்டார் பட்டறைத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டறையில் நாள் பூராவும் என்ஜினோடு மல்லுக்கட்டுகிறவர்களிடம் என்ஜினைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவன் கதைதான். இருந்தாலும் துணிந்து வந்ததற்குக் காரணம் உண்டு. போன கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு இளந்தோழர் என்னை வழிமறித்துக் கேட்டார்: "ஸ்கேனரை மாட்டினால் கோட் நம்பர் வருகிறது. அது சொல்கிற பாகத்தை மாற்றுகிறோம். மஞ்சள் விளக்கு அணைகிறது. பத்தாம் நாள் வண்டிக்காரர் திரும்பி வந்து சண்டை பிடிக்கிறார்; விளக்கு மறுபடியும் எரிகிறது. இந்தப் பெட்டியைக் காரில் யார் வைத்தார்கள்? எங்கள் பிழைப்பைக் கெடுக்கவா?"

நியாயமான கேள்வி. அன்று நின்ற நிலையில் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நாலு வார்த்தையில் முடிகிற விஷயமல்ல அது. அந்தப் பெட்டியின் பூர்வோத்தரம் ஒரு ஊர் ஜனங்களின் கண்ணெரிச்சலில் தொடங்குகிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அன்னாசிப் பழ விஞ்ஞானி

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். 1943-ம் வருஷம் ஜூலை மாதம். யுத்த காலம். ஒரு நாள் நகரத்தின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு மூட்டம் கவிந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. ஜப்பான்காரன் விஷ வாயு வீசிவிட்டான் என்று ஜனங்கள் பயந்தார்கள். பிறகு, செயற்கை ரப்பருக்குச் சரக்குச் செய்த ஒரு ஆலைதான் காரணம் என்றார்கள். அதை நிறுத்திப் பார்த்தார்கள். மூட்டம் நிற்கவில்லை.

கால்டெக் என்ற கல்வி நிலையத்தில் ஹாகன்-ஸ்மிட் என்று ஒரு ரஸாயன விஞ்ஞானி இருந்தார். ஹாலந்து தேசத்தவர். அன்னாசிப் பழத்துக்கு வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து கொண்டிருந்தார். பழத்தின் வாசனையைப் பிடித்த அதே முறையில் நகரத்துக் காற்றையும் பிடித்துக் குளிர வைத்துப் பார்த்தார். காரிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் எரியாமல் தப்பி வரும் பெட்ரோல் ஆவியும், என்ஜினின் சூட்டில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலில் சேர்ந்து வெந்து ஓஸோன் என்ற வாயுவாகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். அந்த ஓஸோன் ரப்பரை வெடிக்க வைக்கும். வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டு எத்தனை நிமிஷத்தில் விரிசல் விடுகிறது என்பதைக் கொண்டே காற்றின் கெடுதலை அளந்தார்கள். டயர்க் கடைக்காரனுக்கும் புரிகிற விஞ்ஞானம்!

எண்ணெய் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? அவர்கள் பணத்தில் ஆராய்ச்சி செய்த இன்னொரு நிலையம் ஹாகன்-ஸ்மிட் சொன்னதை மறுத்தது. மனுஷருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்னாசியை ஒதுக்கி வைத்துவிட்டு முழு மூச்சாக இந்த வேலையில் இறங்கினார். பின்னாளில், 1968-ல், கலிபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார்.

இப்போது டெட்ராய்டுக்கு வருவோம். அமெரிக்கக் கார் கம்பெனிகளின் தலைநகரம் அது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகத்தில் கென்னத் ஹான் என்று ஒரு உறுப்பினர். 1953-ல் தொடங்கி வருஷா வருஷம் கார் கம்பெனித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் வண்டியின் புகைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? போர்டு கம்பெனியிலிருந்து வந்த முதல் பதிலின் சாரம் என்ன தெரியுமா? என்ஜினிலிருந்து வாயு வருவது உண்மைதான், ஆனால் அது காற்றில் சீக்கிரம் கலைந்துவிடுகிறது, அதனால் தொந்தரவு ஒன்றும் இல்லை என்பதே.

1955-ல் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்து கொண்டன. புகை தடுக்கும் கருவி பற்றிய கண்டுபிடிப்பு எது வந்தாலும் எல்லோரும் பங்கிட்டுக் கொள்வதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1969 ஜனவரியில் அமெரிக்க சர்க்காரின் நீதி இலாகாவே நாலு பெரிய கம்பெனிகள் மீதும் அவற்றின் சங்கத்தின் மீதும் வழக்குப் போட்டது. ஒருவரை ஒருவர் முந்தாமல் இருக்கவும், கருவிகள் சந்தைக்கு வருவதைத் தாமதப்படுத்தவும் கூடிப் பேசி வைத்துக் கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு விசாரணைக்கே வரவில்லை. இனிமேல் அப்படிச் செய்யமாட்டோம் என்ற சமரசத்தில் அதே வருஷம் முடிந்தது. குற்றத்தை ஒப்புக் கொள்ளவும் இல்லை.

இதற்கு நடுவில் நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்த கட்டம். கலிபோர்னியா சட்டத்தில் ஒரு ஷரத்து இருந்தது. புகை தடுக்கும் கருவிகளில் இரண்டுக்கு வாரியம் அங்கீகாரம் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் புதுக் கார்களில் கருவி கட்டாயம். 1967 மாடலுக்கு முன்னால் முடியவே முடியாது என்று கார் கம்பெனிகள் கையை விரித்தன. 1964 ஜூனில் வெளிக் கம்பெனிகள் செய்த நாலு கருவிகளுக்கு வாரியம் அங்கீகாரம் கொடுத்தது. அவ்வளவுதான்! இரண்டு மாதத்தில் கார் கம்பெனிகள் வந்து நின்றன: எங்கள் சொந்த முறையிலேயே 1966 மாடலில் செய்து விடுகிறோம்! அடுத்தவன் கருவியைத் தன் காரில் மாட்டி அவனுக்குப் பணம் போவதைக் காண முதலாளிக்கு மனம் வருமா?

மூன்று வாசல்கள்

தொழில் விஷயத்துக்கு வருகிறேன். காரின் கெட்ட வாயு மூன்று வாசல் வழியாக வருகிறது. 

முதல் வாசல் கிராங்க் கேஸ். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை அந்தக் காலத்தில் ஒரு குழாய் வழியாகத் தரையைப் பார்த்து விட்டுவிடுவார்கள். காரின் ஹைட்ரோ கார்பனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்படியே போயிற்று. அதைத் திருப்பி மானிபோல்டுக்குள் இழுத்து எரிக்க ஒரு சின்ன வால்வு போதும். கட்டை விரல் அளவுதான் இருக்கும். கலிபோர்னியாவில் 1961 மாடல் முதலும், அமெரிக்கா முழுவதும் 1963 முதலும் அதை வைத்தார்கள். இரண்டாம் வாசல், பெட்ரோல் டாங்கும் கார்புரேட்டரும். வண்டி சும்மா நிற்கும்போதே ஆவி போய்க் கொண்டிருக்கும். ஒரு டப்பாவில் கரியைப் போட்டு ஆவியைப் பிடித்து வைத்து, ஓடும்போது என்ஜினுக்குக் கொடுத்தார்கள். 1970-ல் கலிபோர்னியா, 1971-ல் தேசம் பூராவும்.

மூன்றாம் வாசல் சைலன்ஸர். இங்கேதான் சிக்கல். பெட்ரோலைக் குறைத்துக் காற்றை அதிகமாக்கிச் சூடாக எரித்தால் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோ கார்பனும் குறையும். நைட்ரஜன் ஆக்ஸைடு ஏறும். சூட்டைத் தணிக்க எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டார்கள். 1970-களில் வந்த அமெரிக்க வண்டிகளில் பானட்டைத் திறந்தால் இடியாப்பம் போல வாக்குவம் ஹோஸ்கள். வண்டி இழுக்கவில்லை, பெட்ரோல் குடித்தது. வண்டிக்காரர் கேட்க, மெக்கானிக் ஹோஸைப் பிடுங்கி அடைத்துவிட்டார். புகைக்குக் காரணம் மெக்கானிக் என்று பழி வந்தது. அரைகுறை வேலையைச் செய்து அனுப்பியவனைக் கேட்பாரில்லை.

ஈயமும் பிளாட்டினமும்

1970-ல் அமெரிக்கப் பார்லிமெண்டு காற்றுச் சுத்தச் சட்டத்தைக் கடுமையாகத் திருத்தியது. ஐந்து வருஷத்தில் காரின் கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோ கார்பனையும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைக்க வேண்டும். முடியாது, தொழிலே படுத்துவிடும் என்று டெட்ராய்ட் கூக்குரலிட்டது. 1973-ல் ஒரு வருஷம் தவணையும் வாங்கியது. அதே சமயம் ஜப்பானில் ஹோண்டா கம்பெனி, எரியும் முறையை மட்டும் மாற்றி, வினை ஊக்கி எதுவும் இல்லாமலே அந்த அளவை எட்டிக் காட்டியது. 1975 மாடலாக அமெரிக்கக் கடைகளுக்கே வந்தது அந்தச் சின்னக் கார்.

டெட்ராய்ட் பிடித்த வழி காடலிடிக் கன்வெர்ட்டர். தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் சுவர்களில் மெல்லப் பூசிய பிளாட்டினமும் பல்லேடியமும். புகை அதன் வழியே போகும்போது எரியாதது எரிந்துவிடும். 1975 மாடல் முதல் பரவலாக வந்தது. ஆனால் இந்த ஊக்கிக்கு ஒரு சத்துரு உண்டு: ஈயம். பெட்ரோலில் அப்போது ஈயம் கலந்திருந்தது. என்ஜின் 'நாக்' அடிக்காமல் இருக்க 1921-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த மருந்து அது. 1924-ல் நியூ ஜெர்ஸியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளிகள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். அப்படியும் அரை நூற்றாண்டு காலம் பெட்ரோலோடு அந்த விஷம் ஊர் ஊராகப் போயிற்று. ஊக்கியைப் பாழாக்கும் என்றதும் 1974 ஜூலைக்குள் ஈயமில்லாத பெட்ரோல் வந்துவிட்டது! ஜனங்களின் உடல்நலத்துக்காகவே ஈயத்தைக் குறைக்கச் சொன்ன விதி தனி. அதை எதிர்த்து ஈயக் கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 1976 வரை இழுத்தது. பிளாட்டினத்துக்குக் கிடைத்த அவசரம் குழந்தைகளின் ரத்தத்துக்குக் கிடைக்கவில்லை.

நம் தேசத்தில் என்ன நடந்தது? 1995 ஏப்ரலில் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நாலு நகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. கூடவே ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. 2000 பிப்ரவரியில்தான் தேசம் முழுவதும் ஈயம் ஒழிந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷத்தில், சென்னையில் வாங்கிய காரை வெளியூர் ஓட்டிப் போய் ஈயப் பெட்ரோல் போட்டவர்களின் கன்வெர்ட்டர் வெறும் பீங்கான்தான். இங்கே இருக்கும் மூத்த தோழர்கள் அப்படிப்பட்ட வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள்.

விளக்கின் பாஷை

இனிதான் பெட்டி வருகிறது. ஒரே கன்வெர்ட்டர் மூன்று வாயுக்களையும் கொல்ல வேண்டுமானால் ஒரு நிபந்தனை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடையை ஒட்டியே கலவை இருக்க வேண்டும். காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்ஸைடு தப்பும். குறைந்தால் மற்ற இரண்டும் தப்பும். கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகி இதைப் பிடிக்க முடியுமா? எந்தக் கைராசிக்காரராலும் முடியாது. புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் ஒரு சென்ஸர் வேண்டும். அது சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு மூளை வேண்டும். பாஷ் கம்பெனியின் சென்ஸரைப் போட்டு 1976-ல் வால்வோ கார் கலிபோர்னியாவுக்கு வந்தது. 1981 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்கப் பெட்ரோல் கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் கம்ப்யூட்டரைப் புகுத்திவிட்டது.

மூளை வந்ததும் மெக்கானிக்கின் கண்ணைக் கட்டியது போலாயிற்று. பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்த்து நோயைச் சொன்ன காலம் போயிற்று. கம்பெனிகள் ஒரு வழி வைத்தன. அந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் விளக்கு மினுக்கும். ஒரு தரம் மினுக்கி, சற்று நின்று, இரண்டு தரம் மினுக்கினால் 12. மெக்கானிக் உட்கார்ந்து எண்ண வேண்டும். இன்னொரு கம்பெனி வண்டிக்கு இன்னொரு சாக்கெட், இன்னொரு பாஷை.

1988 மாடல் முதல் இப்படியொரு விளக்கும் கோடும் கட்டாயம் என்று கலிபோர்னியா விதித்தது. ஆனால் அந்த முதல் முறைக்கு அறிவு குறைவு. ஒயர் அறுந்தால் சொல்லும். கன்வெர்ட்டர் செத்தால் சொல்லாது. அதனால் இரண்டாவது முறையை வகுத்தார்கள். ஓ.பி.டி. இரண்டு என்று நீங்கள் சொல்வது அதைத்தான். 1994-ல் தொடங்கி, 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் கட்டாயமாயிற்று. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஓட்டுகிறவர் முழங்காலுக்குப் பக்கத்தில் 16 முனை கொண்ட ஒரே சாக்கெட், ஒரே கோட் பாஷை. நம் தேசத்தில் 2010-ல் முதல் படியும் 2013-ல் இரண்டாம் படியும் வந்தன.

இது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்ஸர், பின்னால் ஒரு சென்ஸர். முன்னால் இருப்பதன் வோல்டேஜ் ஏறி இறங்கிக் கொண்டே இருக்கும். ஊக்கி உயிரோடு இருந்தால் அந்த ஆட்டத்தை அது விழுங்கிவிடும். பின் சென்ஸர் அமைதியாக இருக்கும். பின்னதும் முன்னதைப் போல ஆடத் தொடங்கினால் ஊக்கிக்கு வேலை செய்யும் சக்தி போய்விட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டும். அதுதான் பி 0420. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் கிராங்க் ஷாப்டின் சுழற்சி ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தை அளந்து பி 0300 வரிசைக் கோட்களைச் சொல்லும். விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால், எரியாத பெட்ரோல் போய்க் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டியை ஓட்டக் கூடாது.

இப்போது இளந்தோழரின் கேள்விக்கு வருகிறேன். கோட் நோயைச் சொல்கிறது. நோய்க்குக் காரணத்தைச் சொல்லாது. ஜுரம் என்று தெர்மாமீட்டர் காட்டினால் அது மலேரியாவா டைபாயிடா என்று டாக்டர்தானே பார்க்க வேண்டும்? பி 0420 வந்தது, விலை கூடிய கன்வெர்ட்டரை மாற்றினீர்கள். ரிங் தேய்ந்து ஆயில் எரிகிற என்ஜினாக இருந்தால் புதுக் கன்வெர்ட்டரும் சாகும். சென்ஸருக்குப் பக்கத்தில் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று நுழைந்து, கன்வெர்ட்டர் நன்றாக இருக்கும்போதே கோட் வரும். பி 0171 வந்தால் கலவையில் காற்று அதிகம் என்பதே செய்தி. உடனே ஆக்ஸிஜன் சென்ஸரை மாற்றுகிறவர்கள் உண்டு. அந்தச் சென்ஸர் பாவம், உண்மையைச் சொன்ன சாட்சி! வெடித்த வாக்குவம் ஹோஸையும், அழுக்கேறிய காற்று அளவியையும், இளைத்த பெட்ரோல் பம்பையும் முதலில் பாருங்கள். இன்னொன்று. பாட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தன் சோதனைகளை இன்னும் முடிக்கவில்லை என்று பெட்டி குறித்து வைத்திருக்கும். ஸ்கேனரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் நேற்று யாரோ அழித்த சங்கதி தெரிந்துவிடும். பழைய கார் வாங்கித் தரச் சொல்லி உங்களிடம் வருகிறவர்களுக்கு உபயோகப்படும்.

பொய் சொன்ன பெட்டி

உண்மை பேசக் கற்றுக் கொடுத்த பெட்டிக்குப் பொய்யும் கற்றுக் கொடுத்தார்கள். 1995-ல் பிடிபட்டவை 4,70,000 காடிலாக் கார்கள். அரசுச் சோதனை ஏ.சி. போடாமல் நடக்கும். ஏ.சி. போட்டதும் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். கார்பன் மோனாக்ஸைடு எல்லை மீறும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1 கோடியே 10 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 1998-ல் லாரி டீஸல் என்ஜின் செய்யும் ஏழு கம்பெனிகள் சிக்கின. சோதனை மேடையில் ஒரு சுருதி, நெடுஞ்சாலையில் வேறு சுருதி.

எல்லாவற்றுக்கும் சிகரம் வோல்க்ஸ்வாகன். 2009 மாடல் முதல் அமெரிக்காவில் அது விற்ற டீஸல் கார்கள் சுத்தமானவை என்று பெயரெடுத்திருந்தன. ஐரோப்பாவில் டீஸல் கார்கள் சாலையில் அதிகப் புகை விடுகின்றன. அமெரிக்காவின் கடுமையான விதியில் எப்படிச் சுத்தமாக ஓடுகின்றன என்று காட்டலாம் என நினைத்து, மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையில் ஒரு சிறு குழுவினர் அளக்கும் கருவியைக் காரின் பின்புறம் ஏற்றிக் கட்டிக் கொண்டு ஓட்டினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை போய்த் திரும்பினார்கள். வந்த கணக்கைப் பார்த்துத் தங்கள் கருவிதான் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டார்கள். ஏனென்றால் அதே கார் சோதனைக் கூடத்தில் உத்தமன்! 2014-ல் அறிக்கை வந்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு குட்டை உடைத்தது. ஸ்டியரிங் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் அது சோதனை என்று புரோகிராம் கண்டு கொள்ளும். உடனே அடக்கமாக ஓடும். சாலையில் சில சமயம் நைட்ரஜன் ஆக்ஸைடு எல்லையைப் போல் 40 மடங்கு. உலகம் பூராவும் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்தப் புரோகிராம். ஆறு வருஷம் மஞ்சள் விளக்கு இதைக் காட்டிக் கொடுக்கவில்லை. விளக்குக்கு உத்தரவு போடுகிறவனே திருடனானால் அது எப்படி எரியும்? 2017-ல் கம்பெனி குற்றத்தை ஒப்புக் கொண்டது. அமெரிக்கக் கோர்ட்டில் அந்த வருஷம் இரண்டு ஊழியர்களுக்குச் சிறைத் தண்டனை. ஒருவருக்கு 40 மாதம், மற்றவருக்கு ஏழு வருஷம்.

இதற்குப் பிறகுதான் காரைச் சாலையில் ஓட்டியே அளக்கும் சட்டம் ஐரோப்பாவில் பலம் பெற்றது. நம் தேசம் 2020 ஏப்ரலில் ஐந்தாம் படியைத் தாண்டிப் பாரத் ஆறாம் படிக்குப் போயிற்று. 2023 முதல் இங்கும் புது மாடல்களுக்குச் சாலைச் சோதனை உண்டு. ஆனால் ஓடுகிற வண்டிக்குப் பெட்ரோல் பங்க் ஓரத்தில் புகைச் சான்று கொடுக்கும் சோதனை இருக்கிறதே, அது பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோ கார்பனையும், டீஸல் வண்டியில் புகையின் கறுப்பையும் பார்க்கிறது. வோல்க்ஸ்வாகன் மறைத்த நைட்ரஜன் ஆக்ஸைடை அது அளப்பதே இல்லை.

சாவி யார் கையில்?

பெட்டியைப் படிக்கும் உரிமை யாருக்கு? 1990-ல் அமெரிக்கச் சட்டத்தைத் திருத்தியபோதே, புகை சம்பந்தமான பழுது விவரங்களைக் கம்பெனிகள் எல்லா மெக்கானிக்குகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். கம்பெனிகள் மற்ற விவரங்களைப் பூட்டி வைத்தன. 2012-ல் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் ஜனங்களே ஓட்டுப் போட்டு, டீலருக்குக் கொடுக்கிற விவரம் தெருப் பட்டறைக்கும் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். சாக்கெட் வழியாக அல்லாமல் காரிலிருந்து நேரே கம்பெனிக்குத் தகவல் பறக்கும் காலம் வந்ததும், அதுவும் வேண்டும் என்று 2020-ல் மறுபடி ஓட்டுப் போட்டார்கள். நாலில் மூன்று பேர் ஆதரித்தார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின.

நம் தேசத்திலும் இது நடந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டிக் கமிஷன் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. என்ன குற்றம்? ஒரிஜினல் பாகங்களையும், பழுது பார்க்கும் விவரங்களையும், பெட்டியைப் படிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது. அவற்றை வெளியாருக்கும் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல் முறையீட்டுக்குப் போயின. ஆனால் அந்த உத்தரவில் எழுதியிருப்பது உங்கள் பிழைப்பைப் பற்றி. சங்கத்தில் ஒரு நகல் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தமிழில் படித்துச் சொல்ல ஒருவர் முன்வந்தால் நல்லது.

கேள்வி கேட்ட தோழர் பின்வரிசையில் இருக்கிறார். ஸ்கேனரையும் கொண்டு வந்திருக்கிறார். வாசலில் ஒரு பழைய கார் மஞ்சள் விளக்கோடு நிற்கிறது. டீ குடித்துவிட்டு எல்லோரும் அங்கே வாருங்கள். முதலில் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்போம்.